பட்டன் பாசி

இல்லீங்க டீச்சர், நீங்க வூடு மாறி வந்துட்டீங்க. உங்க வகுப்புல பேசறது என்ற பேத்தியா இருக்காது. இப்பத்தான் எந்த வூட்டுல பொட்டப்புள்ளை பொறந்தாலும் ஆசினி, ஆசினின்னு வெச்சுப்போடறாங்களே. இந்த லைன் வூட்டுலயே ரெண்டு இருக்குது. கடைசி வூட்டுல இருக்கறது தண்ணிக் கொழாய்கிட்ட வந்து நின்னுச்சுன்னா கொடம் நெம்பி வழியற வரைக்கும் வாயடிக்கும். அதைப் பாத்துட்டு வந்திருப்பீங்க. என்ற ஆசினி தீபாவளிக்கு முன்னால மூடுன வாயிங்க. தைப்பூசமே கழிஞ்சிருச்சு, இன்னும் தொறக்கலை.

என்னங்க? நெத்தியில தழும்பா? இருக்குது. அது கட்டல்ல இருந்து உழுந்தது. கட்டல்னா எங்கூட்டுக்காரர் செஞ்ச கட்டல், இவ்வளவு ஒசரம். ஏனுங் இத்தனை ஒசரமாச் செஞ்சீங்கன்னு கேட்டா, கீழ தறிச் சாமானெல்லாம் வெக்கலாம்பாரு. அந்த மனுசனுக்குத் தறி ஓட்டி ஓட்டிக் காதே போயிருச்சு. அதுக்குத்தான் நான் இப்படிச் சத்தமாப் பேசிப் பழகுனது. அவர் போயிட்டாரு, சத்தம் நின்னுருச்சு. சத்தம்னா தறிச் சத்தம். என்ற சத்தம் நிக்கலை.

தழும்பு இருக்குது, ரெண்டாங் கிளாசு, எடது ஓரமாப் பல்லு உழுந்திருக்குது... அப்ப அவளேதானா?

உக்காருங்க மொதல்ல. அந்தச் சேர் ஆடும், செவுத்துல சாச்சுப் போட்டு உக்காருங்க. அவ பொறத்தால பொடக்காளியில, கொல்லையில உக்காந்து பட்டன் கோத்துட்டிருக்கறா. வேண்டாமுங்க, கூப்புடாதீங்க. கூப்பிட்டா வருவா, வந்து நிப்பா, என்ன கேட்டாலும் நம்ம மூஞ்சியப் பாத்துட்டே நிப்பா. அந்தப் பார்வையை இன்னைக்கும் பாக்க எனக்குத் தெம்பு இல்லீங்க. நாளைக்கு அவ இங்க இருக்கமாட்டா. அதோ பை கட்டி வெச்சிருக்குது பாருங்க, செவப்புப் பை. என்ற மவன் சேமலை விடியக்காலம் லாரியில இருந்து எறங்குனதும் அவளைக் கூட்டிட்டுப் போறான். கோயமுத்தூருக்கு அக்கட்ட, வாய் பேசாத புள்ளைங்களுக்குன்னு ஒரு பள்ளிக்கூடமாம். அங்கயே தங்கோணுமாம். மாசத்துக்கு ஒருக்காத்தான் பாக்க உடுவாங்களாம். அதுக்குத்தான் அவன் உங்ககிட்ட டி.சி. கேட்டு வந்தது. நீங்க தரமாட்டேன்னு சொல்ல வந்தீங்களாக்கும். தராதீங்க. தராம இருந்தா நெம்பப் புண்ணியம். ஆனா அதுக்காக, அவ பேசறா, வகுப்புலயே அவதான் வாயாடி அப்படீன்னெல்லாம் சொல்லாதீங்க டீச்சர். பொய் சொன்னாலும் பக்கத்துல வர்ற பொய்யாச் சொல்லோணும்.

சொல்லுங்க, நான் குறுக்க பேசலை.

இல்லைங்க, ஒண்ணே ஒண்ணு சொல்லிப்போடறேன், அப்புறம் நீங்க பேசுங்க. அவ எப்படி இப்படி ஆனான்னு தெரியாமப் பேசுனீங்கன்னா உங்களுக்கும் புரியாது, எனக்கும் புரியாது.

என்ற மருமவ வசுமதி. காஜா பட்டன் கடையில வேலை. காஜாங்கறது சட்டையில பட்டனுக்கு ஓட்டை போடறது. அவ பட்டன் மிசின்ல உக்காருவா. சாயங்காலம் வாரப்ப சோத்துப் போசியில வேஸ்ட் பட்டன் கொண்டாருவா, ஓரம் ஒடைஞ்சது, கலர் மாறுனது, ஆர்டர் கேன்சலானது. கொண்டாந்து அந்த மூலையில, அதா அந்த டிவிக்குக் கீழ, ஆத்தாளும் மவளும் உக்காந்துக்குவாங்க. டிராக் பேண்ட்டுல போடற நாடாவுல வெட்டுன துண்டு, அதுலதான் கோப்பாங்க. நாடா நுனியை அடுப்புல காட்டி வெரல்ல உருட்டுனா ஊசி மாதிரி கெட்டியாயிரும். பொறகு ஊசியே வேண்டாம். ரெண்டு ஓட்டைப் பட்டன்னா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மீன் செதிலாட்டம் படுக்கும். நாலு ஓட்டைன்னா ரெண்டு நாடா எடுத்துக் குறுக்க மாத்தி உடோணும். ஒரு கோடியில நாடாவுலயே வளையம், மறு கோடியில பெரிய கோட்டுப் பட்டன். கையில போட்டு மாட்டிக்க வேண்டியதுதான், அதுக்குப் பேரு பட்டன் பாசி. கடையில காசு குடுத்து வாங்குனாக்கூட அந்த அழகு வராதுங்க. சிப்பிப் பட்டன்ல கோத்தா, வெய்யில்ல கையை ஆட்டுனா மினுக்கு மினுக்குன்னு மீன் துள்ளற மாதிரியே இருக்கும்.

நானும் இக்கட்ட உக்காந்துக்குவேன். கோக்கறப்ப அவளுக வாயே தொறக்கமாட்டாளுக. நான்தான் பேசிட்டு இருக்கோணும். இல்லைன்னா வூடு எழவு வூடாட்டம் இருக்காதா? பகலெல்லாம் மிசின் சத்தத்துல இருந்துட்டு வர்ற புள்ளை, நாலு நல்லது கெட்டது காதுல உழுகட்டும்னு பேசுவேன். நான் மருமவளை ஒரு வார்த்தை சொன்னதில்லீங்க. சோத்துல உப்பில்லைன்னா உப்பில்லைன்னு சொல்றது ஒரு குத்தமா? துணியை இப்படிப் பிழியாதேன்னா, தலையை அப்படி வாராதேன்னா, அதெல்லாம் ஒரு பேச்சா? எங்க மாமியார் எனக்குச் சொன்னதுல அது காவாசி இல்லை. என்ற கல்யாணத்துல என்னாச்சு தெரியுமா? நான் பயந்து போயி ஒரு வார்த்தை பேசலைங்க. மூணாம் நாள் எங்க மாமியார் எங்கப்பனைக் கூப்புட்டு, "ஏனுங் சம்பந்தி, பொண்ணுக்கு வாய் இருக்குதா, இல்லை சோத்துக்கு மட்டுந்தானா?"ன்னு கேட்டுப்போட்டாங்க. அவங்க உசுரோட இருந்த வரைக்கும் நான் நிமுந்து பேசலை. அவங்களை எடுத்ததுக்குப் பொறகு பேச ஆரம்பிச்சவதான்.

எதுக்கு இதைச் சொல்ல வந்தேன்? ஆங், வசுமதி. தீபாவளிக்கு முந்தி கம்பெனிக்கெல்லாம் ஆர்டர் முடிக்கற நேரம் பாருங்க, அவ லேட்டா வந்தா. நான் கேட்டேன், கேக்கக் கூடாதா? "எந்த நேரம் வர்றது ஒரு பொம்பளை, பக்கத்து வூட்டு ராசாமணி என்ன நெனைப்பா?"ன்னேன். இவ்வளவுதான். கேட்டுட்டேதான் இருந்தேன், ஒரு வாரமாக் கேட்டிருப்பேன். ஒரு நாள் காலையில துணியைப் பையில போட்டுட்டா. சேமலை லாரியில போயிருக்கறான். "எங்க போறே?"ன்னேன். "ஓசூர்ல எங்கக்கா வூட்டுக்குப் போறேன் அத்தை. அங்க ஒரு கம்பெனியில வேலை கெடைச்சிருக்குது. ஒரு ரூம்பு பாத்துட்டு வந்து பாப்பாவைக் கூட்டிக்கறேன். எனக்குக் காதுக்குள்ள சித்த நேரம் சத்தமில்லாம இருக்கோணும்"னா. காதுல என்ன கோளாறோ பாவம், அந்த மிசின் சத்தம் அப்படி. டாக்டர்கிட்டப் போகாம ஓசூர் எதுக்குப் போறா? எனக்கு இன்னைக்கும் வெளங்கலை.

பாப்பாவை இப்பவே கூட்டிட்டுப் போறேன்னுதான் மொதல்ல நின்னா. நான் உடலை. "உன்ற புருசன் வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்? போறவ போ, என்ற பேத்தி எங்கயும் வரமாட்டா"ன்னு வாசல்ல குறுக்க நின்னுட்டேன். அவ போயிட்டா. புள்ளை வாசப்படியில உழுந்து பொரண்டு ஒரே அழுவாச்சி. சந்தே கூடிருச்சு. ராசாமணி அடுப்பைக்கூட அமத்தாம ஓடியாந்தா வேடிக்கை பாக்க. நான் ஒரு அதட்டுப் போட்டேன், புள்ளை கப்புன்னு நிறுத்திருச்சு. சொன்னா கேக்கற புள்ளைங்க அது. கண்ணைத் தொடைச்சுட்டு உள்ள வந்து டிவிக்குக் கீழ உக்காந்துச்சு. பட்டன் டப்பாவை எடுத்துச்சு.

அன்னைக்கு நின்னதுதான் பேச்சு.

மொதல்ல அழுத அசதின்னு நெனைச்சேன். மக்காநாள் காச்சல்னு நெனைச்சேன். அப்புறம் தீபாவளி வந்துச்சு, பட்டாசு குடுத்தேன், வாங்கிட்டா, பேசலை. சேமலை வந்தான், "பாப்பா, அப்பான்னு சொல்லு"ன்னான், அவன் மடியில உக்காந்துட்டு அவன் மீசையைப் புடிச்சா, பேசலை. வசுமதி போன் பண்ணுனா. போனைக் காதுல வெச்சா கண்ணுல தண்ணி மட்டும் ஊத்துது, ஒதடு இப்படி ஒட்டிக் கெடக்குது. அந்தக்கட்ட அவ, "பாப்பா, ஒரு வார்த்தை, அம்மான்னு ஒரு வார்த்தை"ன்னு கத்தறா. நானே வாங்கி, சந்துல நடந்ததெல்லாம் ஒண்ணு உடாமச் சொன்னேன். அவளுக்கும் ஊர் சேதி தெரியோணுமில்ல. வெச்சுட்டா பாதியில.

ராசாமணிதான் ஒரு நாள் வந்து, "நாச்சம்மாக்கா, எப்பப் பாத்தாலும் புள்ளை பட்டனை வெச்சுட்டே இருக்குதே, ஒண்ணை முழுங்கிருக்கும், தொண்டையில குறுக்க நிக்குது போல"ன்னா. தூக்கிட்டு ஓடுனேன் ஆசுபத்திரிக்கு. தொண்டை டாக்டர் படம் புடிச்சுப் பாத்துட்டு, "பாட்டி, தொண்டையில ஒண்ணுமில்லை, காதும் நல்லாருக்கு, நாக்கும் நல்லாருக்கு. மனசுல ஏதோ பயம். புள்ளையோட நெறையப் பேசுங்க"ன்னாரு. அட, மருந்து சொல்லிட்டாரேன்னு வந்தேன். அன்னைல இருந்து நான் வாயை மூடறதே இல்லை டீச்சர். காலையில கண்ணு முழிச்சதுல இருந்து அவ தூங்கற வரைக்கும், சட்டி கழுவறப்ப, தலை சீவறப்ப, எங்க அப்பன் ஆத்தா கதை, எங்க மாடு தொலைஞ்ச கதை, எல்லாஞ் சொல்லித் தீத்துட்டேன். தீந்து போனா மறுக்கா மொதல்ல இருந்து சொல்றேன். இத்தனை பேசியும் ஒரு பதில் வரலைன்னா என்ன பயங்க அது?

வசம்பைச் சுட்டுத் தேன்ல கொழைச்சு நாக்குல தடவுனேன். கோயில்ல மணி வாங்கிக் கட்டுனேன், பேச்சு வராத புள்ளைக்குக் கட்டறதுதானே. பூசாரி, "வேண்டுதல் சொல்லும்மா"ன்னாரு, நான் சொல்லச் சொல்லப் பின்னால வரிசை நீண்டு போச்சு. "அம்மா, சாமிக்குக் கேட்டுருச்சு, நகருங்க"ன்னுட்டாரு.

டாக்டர் புடிச்ச படத்துல ஒண்ணும் தெரியலைன்னாலும் எனக்கு மனசு ஆறலை. ஓட்டைப் பட்டன் படத்துல தெரியாமப் போயிருக்குமோன்னு. டப்பாவைத் தூக்கிட்டுப் போயி சாக்கடைக்கு அக்கட்ட குப்பை வண்டியில கொட்டிட்டேன். வசுமதி சேத்து வெச்சது, சிப்பிப் பட்டனெல்லாம். வந்து பாக்கறேன், புள்ளை டிவிக்குக் கீழ வெறுங்கையோட உக்காந்திருக்குது. அழுகலை. சோறு வெச்சேன், திங்கலை. பால் குடுத்தேன், குடிக்கலை. மக்காநாளும் திங்கலை. வெரலு மட்டும் இப்படி, இப்படி, ஒண்ணுமே இல்லாத நாடாவைக் கோத்துட்டு இருக்குதுங்க. வெறுங்காத்துல.

மஞ்சப் பையைத் தூக்கிட்டுப் போனேன் காஜா பட்டன் கடைக்கு. நான் யார் வாசல்லயும் போயி நின்னவ இல்லை. அந்தக் கடைக்காரர், "வசுமதி மாமியாரா? அந்தப் புள்ளை நல்ல வேலைக்காரி, ஏனுங் உட்டுட்டுப் போச்சு?"ன்னாரு. "அவளுக்குக் காது சரியில்லை"ன்னேன். ஒரு மாதிரிப் பாத்தாரு. "என்ன வேணும்?"னாரு. "கூட்டித் தள்ளறதைக் குடுங்க சாமி, புள்ளை பட்டினி கெடக்குது"ன்னேன். பட்டனுக்கும் பட்டினிக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காம, அந்த மனுசன் மிசினுக்குக் கீழ கெடந்ததெல்லாம் நூலும் தூசியுமாக் கூட்டிப் பையில போட்டாரு. அதைக் கொண்டாந்து இதே தரையில கொட்டி, நானும் அவளும் நூல் வேற, தூசி வேற, பட்டன் வேறன்னு பொறுக்குனோம். பொறுக்கறப்பவே வாயைத் தொறந்தா. சோத்துக்குத்தாங்க, பேச இல்லை. ஒரு உருண்டை ஊட்டுனேன், வாங்கிட்டா.

அப்புறம் நானும் கோக்க ஆரம்பிச்சேன். கண்ணு சரியாத் தெரியாது, ஓட்டையில அவ உட்டுக் குடுப்பா, நான் முடிச்சுப் போடுவேன். முடிச்சு மட்டும் என்ற முடிச்சு. தறியில பாவு நூல் அறுந்தா பிணைப்போம் பாருங்க, அந்த முடிச்சு. எள்ளு மாதிரி இருக்கும், இழுக்க இழுக்க இறுகும், அவுக்கவே முடியாது. எங்கூட்டுக்காரர் கத்துக் குடுத்தது. அவ என்ற மொழங்காலு மேல சாஞ்சுக்குவா. நான் பேசுவேன், அவ கோப்பா. அந்த நேரம் மட்டும், சரி, பேசாட்டிப் போவுது, இப்படியே இருந்துட்டாக்கூடப் போதும்னு இருக்கும்.

சேமலைக்கு அது போதலை. "ஏம்மா, நான் வாரத்துல அஞ்சு நாள் ரோட்டுல கெடக்கறேன். நீ வயசாளி. அது ஊமையா இங்க பட்டன் பொறுக்கிட்டு உக்காந்திருக்குது. அங்க டாக்டர் இருக்காங்க, சைகை கத்துக் குடுக்கறாங்க"ங்கறான். "வசுமதியை வரச் சொல்லுடா"ன்னா, "அவ வரமாட்டாளாம், புள்ளையை அனுப்பச் சொல்றா. நான் அனுப்பமாட்டேன். அதுக்கு ஆஸ்டலே மேல்"ங்கறான். அவளும் எறங்கமாட்டேங்கறா, இவனும் எறங்கமாட்டேங்கறான். நான் மட்டும் என்ன பண்ணுவேன் சொல்லுங்க. "நானும் கூட வந்து அந்தப் பள்ளிக்கூட வாசல்ல படுத்துக்கறேன்"னேன். "அங்க பேசாத புள்ளைங்க இருக்கற எடம்மா, உன்னை உள்ள உடமாட்டாங்க"ன்னு சிரிக்கறான். சிரிக்கற நேரமா அது? ராத்திரி தூக்கத்துல இந்தப் புள்ளை பயந்து எந்திரிச்சா அங்க யாரைக் கூப்புடுவா? எப்படிக் கூப்புடுவா? சைகை இருட்டுல தெரியுமா டீச்சர்?

கையைக் காட்டாதீங்க, முடிச்சர்றேன். பேசோணும்னுதானே கையைக் காட்டறீங்க, உடறேன், உடறேன்...

இருங்க. அதென்ன உங்க கையில?

காட்டுங்க. வாட்ச்சுக்குப் பக்கத்துல. பச்சைப் பட்டன், நடுவுல வெள்ளை, மறுக்கா பச்சை. இது நாங்க கோத்தது. போன வாரம் கோத்தது. இந்த முடிச்சைப் பாருங்க, இது என்ற முடிச்சு. திருப்பூர்ல வேற எவளும் பட்டனுக்கு இந்த முடிச்சு போடமாட்டா. இது எப்படி உங்க கைக்கு வந்துச்சு? நான் டப்பாவுல தேடுனேன் இதை, காணோம்.

அவளா குடுத்தா? சரி, குடுத்திருப்பா. நீட்டிருப்பா. நீங்க வாங்கிருப்பீங்க.

பேசிக் குடுத்தாளா?

என்ன சொன்னா?

"மிஸ், இது உங்களுக்கு. குளிக்கறப்பக்கூடக் கழட்டாதீங்க மிஸ்." அப்படியா சொன்னா?

இன்னொருக்கா சொல்லுங்க. இல்லீங்க, அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க. கழட்டாதீங்கங்கறதை இழுத்துச் சொன்னாளா, வெடுக்குன்னு சொன்னாளா? மொதல்ல அவ எல்லாத்தையும் இழுத்துத்தாஞ் சொல்லுவா. "அப்பத்தாஆஆ"ன்னு. பொடக்காளியில இருந்து கூப்புட்டா வாசல் வரைக்கும் கேக்கும். கொரல் எப்படி இருக்குது? கட்டிருச்சா? பல்லு உழுந்ததுக்கு அப்புறம் காத்து வருதா நடுவுல? நான் அவ பல்லு உழுந்ததுக்கு அப்புறம் கேக்கவே இல்லீங்க.

வகுப்புல எல்லாப் புள்ளைங்களுக்கும் குடுத்தாளா? பேரு சொல்லிச் சொல்லிக் குடுத்தாளா? பாட்டுச் சொல்றாளா? சத்துணவு ஆயாகூடச் சண்டை போடறாளா, முட்டை சின்னதா இருக்குதுன்னு? அட என்ற ராசாத்தி...

அப்ப அவளுக்கு ஒண்ணுமில்லை. அப்ப நாளைக்குப் போக வேண்டாம். சேமலை வரட்டும், செவப்புப் பையை அவன் தலையிலயே கொட்டறேன். நீங்க அவன்கிட்டச் சொல்லுங்க, நீங்க சொன்னா...

அப்ப ஏனுங் டீச்சர், எங்கூட மட்டும் பேசமாட்டேங்கறா?

இல்லை, நெசமாத்தான் கேக்கறேன். முட்டைக்குச் சண்டை போட வாய் இருக்குது. உங்களுக்குப் பாசி குடுக்க வாய் இருக்குது. இந்த வூட்டுப் படி ஏறுனா அந்த வாய் எங்க போவுது? நான் அவளுக்கு என்ன கொறை வெச்சேன்? அவ ஆத்தா உட்டுட்டுப் போனா, நான் உடலையே. பட்டனுக்குக் கையேந்துனேனே. ஊமைன்னா தாங்கிக்குவேன் டீச்சர். ஊமைன்னா சாமி பண்ணுனது. பேச்சு இருந்தும் எனக்கு இல்லைன்னா, அதை நான் எங்க கொண்டுபோயி வெப்பேன்? நீங்க வராமயே இருந்திருக்கலாம். அவளே நாளைக்குப் போயிருப்பா, நானும் அழுதுட்டு உக்காந்திருப்பேன்.

இல்லை, கோவிச்சுக்காதீங்க. சொல்லுங்க. அவகிட்ட நீங்க கேட்டீங்களா? ஏன் வூட்டுல பேசமாட்டேங்கறேன்னு?

என்ன சொன்னா?

"வூட்டுல பேசுனா அம்மா வரமாட்டாங்க மிஸ்." இப்படியா?

பாத்தீங்களா? பாத்தீங்களா டீச்சர்? எவளோ புள்ளை மனசுல நஞ்சைக் கலந்திருக்கறா. ராசாமணிதான். வேற யாரு? அன்னைக்கே அடுப்பை அமத்தாம ஓடியாந்தவ. பச்சைப் புள்ளைகிட்டப் போயி ஒருத்தி இப்படிச் சொல்லுவாளா? நாக்கு அழுகிப் போகாது? இப்பவே போயி அவ வாசல்ல நின்னு...

நானா?

நான் என்ன சொன்னேன்? நான் ஒண்ணும் சொல்லலை. அன்னைக்குப் புள்ளை பொரண்டு அழுதப்ப ஒரு அதட்டுத்தானே போட்டேன். சந்தெல்லாம் நின்னு பாக்குது, மானம் போவுது, "இந்த வூட்டுக்குள்ள இனி உன்ற வாயில இருந்து ஒரு சத்தம் வந்துச்சு, உங்கம்மா இந்தப் பக்கமே வரமாட்டா, பாத்துக்க"ன்னேன். அழுகையை நிறுத்தறதுக்குச் சொல்றதுங்க. பூச்சாண்டி வருவான்னு சொல்றதில்லையா, அது மாதிரி. நீங்க சொல்லமாட்டீங்களா வகுப்புல? அதைச் சொன்னதும் கப்புன்னு நிறுத்திட்டா. அவ்வளவு நல்ல புள்ளை. பொறந்ததுல இருந்து என்ற பேச்சைத் தட்டுனதே இல்லை அவ. நான் உக்காருன்னா உக்காருவா, எந்திரின்னா எந்திரிப்பா. மத்த புள்ளைங்களாட்டம் ஒரு நாள், ஒரு நேரம், நான் சொன்னதை மறந்தேன்னு சொன்னதில்லை. எத்தனை மாசம் ஆனாலும் சொன்னது சொன்னபடி...

ஏனுங் டீச்சர் அப்படிப் பாக்கறீங்க?

இல்லை, இது வேற, அது வேற. ராசாமணிதான் என்னமோ...

...

சித்த இருங்க டீச்சர். நீங்க எதுவுஞ் சொல்ல வேண்டாம். நானும் பேசலை. நெசமாத்தான், முந்தானையை வாயில வெச்சுக்கறேன், பாருங்க. கூப்பிடறதுக்கு மட்டும் எடுத்துக்கறேன்.

ஆசினீ... கண்ணு... பட்டனை அப்படியே வெச்சுட்டு வா சாமி, உங்க மிஸ் வந்திருக்கறாங்க. நெம்ப நேரமா உக்காந்திருக்கறாங்க. அவங்க குடிக்கறது மோரா, காப்பியான்னு எனக்குத் தெரியாது, நான் கேக்கவும் மாட்டேன். நீயே வந்து கேட்டு, அதை உள்ள கொண்டாந்து குடு.

கேளு கண்ணு. கேட்டாலும் அம்மா வருவா.